சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்ட: முதலில் நேரம், அப்புறம்தான் ஊர்

சிங்கப்பூருக்கு வருகிற சொந்தக்காரர்கள் மரீனா பே, செந்தோசா, தேக்கா என்கிற லிட்டில் இந்தியா எல்லாம் பார்த்து முடித்த பிறகு கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். "பக்கத்துலதானே மலேசியா? ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே?"

பக்கம்தான். 1924-ல் திறந்த ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஆனால் அதைத் தாண்ட முக்கால் மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். இதில் எது உங்களுக்கு வாய்க்கும் என்பது நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைப் பொறுத்தது. அதனால் என் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போகலாம் என்ற பேச்சே முதலில் கிடையாது. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முடிவு பண்ணிவிட்டு, யாருடைய பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஊரைப் பற்றிப் பேசுவோம்.

எப்போது கிளம்புவது

ஜோகூர் பாருவில் (சுருக்கமாக ஜேபி) வீடு, சிங்கப்பூரில் வேலை என்று இருப்பவர்கள் ஏராளம். விடியற்காலையில் அவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வருவார்கள், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து அந்தப் பக்கம் திரும்புவார்கள். சுற்றிப் பார்க்கப் போகிற நமக்குத் தேவை இதற்கு நேர் எதிர்த் திசை. செவ்வாய், புதன், வியாழனில் காலை பத்து மணி வாக்கில் பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸில் இருந்தால் அந்தப் பக்கம் போகும் வரிசை சின்னதாக இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பி வந்தாலும் கூட்டம் நமக்கு எதிரே போய்க்கொண்டிருக்கும்.

வெள்ளி சாயங்காலம் அங்கே போவது, சனி காலை போவது, ஞாயிறு சாயங்காலம் திரும்புவது ஆகிய மூன்றையும் விலக்கிவிடுங்கள். ஜோகூர் மாநிலத்தில் பல வருடங்களாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் அதை சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜேபியில் வேலை நாள் என்பதால் கடைவீதியில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் லீவு. பழைய யோசனையைச் சொல்லும் நண்பர்களை நம்பி ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள்.

இது தவிர சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகளையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பரில் வரும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முழுக்க இருக்கும். உச்ச நாட்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரண்டு நிலச் சோதனைச் சாவடிகளையும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரக் கடைசியில் புடவை வாங்க ஜேபி போகலாம் என்று யாராவது சொன்னால், அவர்களை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு நீங்கள் வீட்டில் முறுக்கு சுடுங்கள்.

கிளம்பும் முன் கடற்பாலப் போக்குவரத்துக் கேமராப் படங்களைப் பார்த்துவிடுவது நல்லது. நிலப் போக்குவரத்து ஆணையம் அதை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. பாலம் முழுக்க லாரியும் காருமாகத் தெரிந்தால் இன்னொரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

பாஸ்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிங்கப்பூர் விசாவைத்தான், மலேசியாவின் விதி அப்புறம். விசாத் தாளில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா, 'சிங்கிள்' என்று இருக்கிறதா? சிங்கிள் என்றால் சென்னையிலிருந்து வந்து இறங்கியதோடு அது தீர்ந்துவிட்டது. ஜேபிக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே வர வழி கிடையாது. மல்டிபிளாகவே இருந்தாலும் அதன் கடைசித் தேதிக்குள் திரும்ப வேண்டும். என் சித்தியின் விசாவை ஏற்பாடு செய்த ஏஜென்ட் "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று போனில் சொல்லிவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தால் சிங்கிள். அந்த வாரம் நாங்கள் செந்தோசாவுக்கே இன்னொரு முறை போனோம். ஏஜென்ட் வாயால் சொல்வதை விட்டுவிட்டுத் தாளைப் படியுங்கள்.

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க அனுமதி தந்திருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா வேண்டாம் என்பதற்காக யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எப்போது திரும்புவாய், எங்கே தங்குவாய், கையில் பணம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்கலாம். ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட்டின் படத்தைப் போனில் வைத்திருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

அடுத்தது மின்னியல் வருகை அட்டைகள். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று இரண்டு அட்டைகள், இரண்டும் இலவசம்.

போகும்போது மலேசியாவின் எம்டாக். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது வேண்டாம். நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் நிரப்பத்தான் வேண்டும். "நான் இங்கேயே பத்து வருஷமா இருக்கேன்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

திரும்பும்போது சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு. சுற்றுலா வந்தவர்கள் சென்னையிலிருந்து வரும்போது நிரப்பியது அந்த வருகைக்கு மட்டும்தான். ஜேபியிலிருந்து திரும்ப மறுபடி புதிதாக நிரப்ப வேண்டும். நிரந்தரவாசிகளுக்கும் நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் தரைவழியாக வரும்போது இது தேவையில்லை. ஆனால் இந்தோனேசியத் தீவான பாத்தாமிலிருந்து படகில் திரும்பினால் அவர்களும் நிரப்ப வேண்டும். ஜேபிக்கு அடிக்கடி போய்ப் பழகினவர்கள் பாத்தாம் போகும்போது மறப்பது இதைத்தான்.

இரண்டு அட்டைகளையும் அரசாங்க இணையதளத்திலேயே நிரப்புங்கள். தேடினால் அச்சு அசலாக அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்களும் வரும். பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தாலே தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெயர் எழுதும் இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் 'சர்நேம்' கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், இன்னும் சிலருக்கு இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கும். வீட்டில் கூப்பிடும் வரிசையை மறந்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கும் எழுத்துகளை அப்படியே, ஒன்றும் விடாமல் எழுதுங்கள். தங்கும் முகவரி கேட்கும். ஒரு நாள் பயணம் என்றால் முதலில் போகப் போகிற இடத்தின் முகவரியைக் கொடுங்கள். ஜேபி நகர மையத்தின் அஞ்சல் குறியீடு 80000. பெரியவர்களுக்காக நீங்கள் நிரப்பினால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் உங்கள் போனுக்கு வருவதுபோல் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவர்கள் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். குடிநுழைவு வரிசையில் ஆளுக்கு ஒரு பக்கம் என்று குடும்பம் எப்படியும் சிதறும். அப்போது எல்லார் மின்னஞ்சலும் ஒரே போனில் இருந்தால் வம்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பதால். பேரன் பிறந்திருக்கிறான், அம்மாவை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ள வேண்டும், ஜேபி போய் வந்தால் புதிதாக முப்பது நாள் கிடைக்குமா என்பார்கள். கிடைத்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. உள்ளே விடுவதும் எத்தனை நாள் கொடுப்பதும் அன்றைய அதிகாரியின் முடிவு. கூடுதல் நாள் வேண்டுமென்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் நீட்டிப்புக்கு இணையத்திலேயே விண்ணப்பியுங்கள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எல்லையில் அதிர்ஷ்டம் பார்க்க வேண்டாம்.

ரயிலா, பஸ்ஸா

பெரியவர்கள் கூட வந்தால் என் பதில் ரயில், மாற்றுப் பேச்சே இல்லை. ஷட்டில் தெப்ராவ் என்ற கேடிஎம் (மலேசிய ரயில் நிறுவனம்) ரயில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேர்கிறது. பாலத்தில் நெரிசல் எப்படி இருந்தாலும் தண்டவாளம் காலியாகத்தான் இருக்கும். போகும்போது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரும்போது 5 ரிங்கிட். கையில் இருக்கும் காசு மாறும்போது அதே ஐந்து எவ்வளவு சின்னதாகிவிடுகிறது பாருங்கள்.

இதில் பெரிய சௌகரியம் குடிநுழைவு. போகும்போது சிங்கப்பூர் அதிகாரியும் மலேசிய அதிகாரியும் உட்லண்ட்ஸிலேயே அடுத்தடுத்து இருப்பார்கள். இரண்டையும் முடித்துவிட்டு ரயில் ஏறினால், அந்தப் பக்கம் இறங்கி நேராக வெளியே நடக்கலாம். மூட்டை முடிச்சோடு மாடிப்படி ஏறி இறங்கி இரண்டு முறை பஸ் பிடிக்கிற வேலை இல்லை.

டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். கேடிஎம் செயலியில் பாஸ்போர்ட் விவரத்தோடு முன்கூட்டியே வாங்க வேண்டும். வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், திரும்பி வருவதற்கான சாயங்கால டிக்கெட்டுகள் அதற்கும் முன்னால் தீரும். அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் பிடியுங்கள், அது கிடைத்தால் போகும் டிக்கெட்டைத் தேடுங்கள். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து சோதனைச் சாவடிக்கு டாக்ஸியோ பஸ்ஸோ பிடித்து, ரயில் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் அங்கே இருங்கள். கதவு மூடினால் திறக்க மாட்டார்கள்.

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜேபியில் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்ததும் இந்தத் தவிப்பு குறையும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லக் கட்டியிருக்கிறார்கள், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது வந்த பிறகு ஷட்டில் நின்றுவிடும் என்பதால், போகும் சமயத்தில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் கிடைக்காவிட்டால், அல்லது கூட வருகிறவர்கள் வேகமாக நடப்பவர்கள் என்றால், பஸ். கிராஞ்சியிலிருந்து 170-உம் மஞ்சள் நிற காஸ்வே லிங்க் சிடபிள்யூ1-உம், உட்லண்ட்ஸ் பஸ் நிலையத்திலிருந்து 950-உம், தேக்காவில் தங்கியிருப்பவர்களுக்கு குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170-உம் சிடபிள்யூ2-உம் இருக்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்குப் புரியாமல் போவது நடுவில் நடக்கும் விஷயம்தான், அதனால் அதை விலாவாரியாகச் சொல்கிறேன்.

பஸ் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள். பை, குடை, தண்ணீர் பாட்டில் என்று ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு இறங்குங்கள், ஏனென்றால் அந்த பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. மேலே போய் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் சோதனையை முடித்து, மறுபக்கம் கீழே இறங்கினால் பஸ் எண்கள் எழுதிய வரிசைகள் இருக்கும். வந்த அதே எண்ணின் வரிசையில் நின்று அடுத்து வருவதில் ஏற வேண்டும். சிங்கப்பூர் பஸ் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் பஸ் கட்டண அட்டையைத் தட்டுங்கள். காஸ்வே லிங்க்கில் சீட்டு வாங்கியிருந்தால் கடைசி வரை பத்திரமாக வையுங்கள், அதைக் காட்டித்தான் அடுத்த பஸ்ஸில் ஏற முடியும். பாலத்தைத் தாண்டியதும் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடி எல்லாரும் இறங்கி, மேலே ஏறி, மலேசியக் குடிநுழைவு. அது முடிந்ததும் நகர மையத்துக்கு பஸ்ஸே வேண்டாம். ஜேபி சென்ட்ரல் வழியாக மூடிய நடைபாலத்தில் போனால் சிட்டி ஸ்கொயர் கடைத்தொகுதி வந்துவிடும். லார்க்கின் பஸ் நிலையம் போகிறவர்கள் மட்டும் மறுபடி கீழே இறங்கி 170-ஐப் பிடியுங்கள்.

ஆளிருக்கும் கவுன்டரில் அதிகாரி முத்திரை குத்தினால், நகரும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள். பின்னால் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும். மலேசியாவில் நுழைந்ததற்கான பதிவு தெளிவாக இல்லையென்றால் வெளியேறும்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், முறைத்தவர் இல்லை.

சிங்கப்பூர் பக்கச் சோதனை முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்விட்டு பஸ் வரிசையில் நில்லுங்கள். பாலத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம்கூட நகராது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் பாலத்தை ஒட்டி ஓடும் பெரிய குழாய்கள் தெரியும். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, ஜேபியில் எதைப் பார்த்தும் வாயைத் திறக்காதவர், அந்தக் குழாய்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "எத்தனை அங்குலம் இருக்கும்? பம்பிங் எங்கே?" சிங்கப்பூர் 1962-ம் வருட ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம், ஒப்பந்தம் 2061 வரை என்று சொன்னேன். அன்று முழுக்க அவருக்கு அதே பேச்சு, காவிரியோடு ஒப்பிட்டு.

போனில் டேட்டா ரோமிங்கைப் பாலத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் நிற்கும்போதே மலேசிய அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும் போன்கள் உண்டு.

ஜேபியில் ஒரு பகல்

காசை அந்தப் பக்கமே மாற்றுங்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வரும். சிட்டி ஸ்கொயரில் மாற்றுக்கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டு மூன்று பலகைகளைப் பார்த்துவிட்டு மாற்றலாம். இந்திய ரூபாயை அங்கே கொண்டுபோய் நீட்டாதீர்கள், நஷ்டம். டாக்ஸி கூப்பிடும் கிராப் செயலி இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஜேபிக்குள் சுற்ற அதுவே போதும். ஜேபி சென்ட்ரல் வாசலில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்பவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

எதைப் பார்ப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் கறார். நம் ஊர்ப் பெரியவர்களை ஜாலான் உங்கு புவான் பக்கம் உள்ள லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய்ப் பிரயோஜனமில்லை. தேக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மல்லிகைப்பூவும் ஜவுளிக்கடையும் அதேதான். அங்கே ராஜமாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு நேரத்தை ஒதுக்குங்கள். சுவர், தூண், கூரை எல்லாம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். மூன்று லட்சம் துண்டுகள் பதித்திருப்பதாகச் சொல்கிறார்கள். உள்ளே போனதும் வெளிச்சம் கண்ணில் குத்தும், அப்புறம் பழகும். கோயில் என்பதால் பகலில் நடை சாத்தும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் நடக்கத் தயார் என்றால் 'ஜாலான் தான் ஹியோக் நீ' என்ற தெரு. பழைய கடைவீடுகள், காபிக்கடைகள், விறகு அடுப்பில் வாழைப்பழ கேக் சுடும் பழைய சீன பேக்கரி. வரிசை நீளமாக இருந்தாலும் சீக்கிரம் நகரும், கேக்கைச் சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும், சிங்கப்பூர் கொண்டுவந்தால் பாதி சுவை போய்விடும்.

குழந்தைகள் இருந்தால் 2012-ல் திறந்த லெகோலேண்ட் இருக்கிறது. அதற்கு உட்லண்ட்ஸ் வழி போகாதீர்கள். அது இஸ்கந்தர் புத்ரியில் இருப்பதால் துவாஸ் இரண்டாம் பாலம்தான் கிட்டம். சிங்கப்பூரிலிருந்து நேரடி கோச்சும் உண்டு.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவதோடு 500 வெள்ளி அபராதமும் போடலாம். மலேசிய வாகன நுழைவு அனுமதியான விஇபி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். அங்கே ரான்95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்குப் போடக் கூடாது, 97-தான்.

மலாக்கா: இரவு தங்கினால் மட்டும்

மலாக்காவை ஒரே நாளில் போய் வரலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சுமார் 240 கிலோமீட்டர், எல்லைக்கான நேரத்தையும் சேர்த்தால் போக நாலைந்து மணி, வர அதே அளவு. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் போட்டோ எடுக்கலாம், வேறு எதுவும் முடியாது. ஒரு இரவு தங்குங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவில் ஜோங்கர் வீதியில் சந்தை உண்டு. சந்தை வேண்டாம், அமைதி போதும் என்றால் வார நாளில் போங்கள், அறை வாடகையும் குறையும்.

தமிழர்கள் மலாக்காவில் தவறவிடக் கூடாதது பொய்யாத விநாயகர் கோயில். 1781-ல் மலாக்கா செட்டிகள் கட்டியது, மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே தெருவில் சில அடி தள்ளி கம்போங் கிலிங் பள்ளிவாசலும், அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. காஜா பெராங் பகுதியில் செட்டிகளின் கிராமம் இன்னும் இருக்கிறது. தமிழ் வணிகர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான சமூகம். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படையல் போடுவார்கள். என் மாமியார் அங்கே ஒரு பாட்டியிடம் தமிழில் பேச, அவர் மலாயில் பதில் சொல்ல, இருவரும் படையலில் என்னென்ன வைப்பது என்பதைக் கையைக் காட்டிக் காட்டியே பேசி முடித்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன், வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார்.

நேரடி கோச்சில் போனால் ஒரு எச்சரிக்கை. எல்லையில் எல்லாரையும் இறக்கிவிட்டு கோச் மறுபக்கம் காத்திருக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட் வரிசை சில சமயம் இழுக்கும். இறங்கும் முன் வண்டி எண்ணையும் கண்ணாடியில் உள்ள பலகையையும் படம் எடுங்கள். "நாங்க நாலு பேர், இந்தியா பாஸ்போர்ட்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். காத்திருப்பார் என்பதற்கு அது உத்தரவாதமில்லை, ஆனாலும் சொல்லி வைத்தவர்களைத் தேடுவார்கள். இதற்கு மாற்று, நீங்களே ஜேபி போய் லார்க்கினில் மலாக்கா பஸ் பிடிப்பது. செலவு குறைவு, எல்லையில் யாரும் உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

பாத்தாம், பிந்தான்

இரண்டும் இந்தோனேசியத் தீவுகள், படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்தும் தானா மேராவிலிருந்தும் பாத்தாமுக்குப் படகுகள் போகின்றன. பாத்தாமிலும் துறைமுகங்கள் பல: பாத்தாம் சென்டர், செக்குப்பாங், ஹார்பர் பே, நொங்சா. ஹோட்டல் எங்கே என்று பார்த்துவிட்டு அதற்குக் கிட்டத்தில் உள்ள துறைமுகத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு நான் பாத்தாமைப் பரிந்துரைப்பதில்லை, காரணம் கணக்கு. வந்திறங்கியதும் கொடுக்கும் விசாவுக்கு ஆளுக்கு 5,00,000 ருப்பியா. நாலு பேர் குடும்பத்துக்கு 20 லட்சம் ருப்பியா, படகுக் கட்டணம் தனி. சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் அவர்கள் "சீப்பா போயிட்டு வந்தோம்" என்பார்கள். அது அவர்கள் கணக்கு. ஒரு நாளுக்காக அவ்வளவு கொடுப்பதைவிட இரண்டு இரவு தங்கிக் கடற்கரையில் கிடக்கிற திட்டம் இருந்தால் கொடுங்கள். அப்படியானால் பிந்தானே மேல், வடக்கே லகோய் பக்கம் கடற்கரை சுத்தமாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இரண்டு தீவுகளிலும் கையில் ஏதாவது வைத்திருங்கள். காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் அதில் இறால் பொடி இருக்கலாம்.

நேரத்தை மறந்துவிடாதீர்கள். பாத்தாமும் பிந்தானும் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் படகுச் சீட்டில் இருப்பது அந்த ஊர் நேரம். சிக்கல் என்னவென்றால், நொங்சா மாதிரி கரையோர இடங்களில் போன் சிங்கப்பூர் அலைவரிசையைப் பிடித்து நேரத்தைத் தானாக மாற்றிக் காட்டும், உள்ளே போனால் மறுபடி மாறும். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டி, இறங்கியதும் ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வையுங்கள்.

திரும்பும்போது பையில்

48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புள்ள புதுப் பொருள் வரை பொருள் சேவை வரி இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை. ஆனால் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபென்டன்ட் பாஸ், நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. அவர்கள் வாங்கிய எல்லாவற்றுக்கும் 9 விழுக்காடு கட்ட வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. மதுபானத்துக்கு மலேசியாவிலிருந்து வரும்போது வரிச்சலுகை எத்தனை நாள் தங்கியிருந்தாலும் இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும், ஒரு பாக்கெட்டுக்குக்கூட இல்லை. சூயிங்கம் கொண்டுவரக் கூடாது. மின்சிகரெட்டுகளை எடுத்துவந்தால் அபராதத்தோடு போகாது, அனுமதி அட்டைக்கே ஆபத்து வரலாம். ஊரிலிருந்து வந்த மச்சான் பையிலும் அது இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரி கட்ட வேண்டியது இருந்தால் சுங்கத்துறையின் இணையச் செயலியில் முன்பே கட்டிவிடலாம். இல்லையென்றால் சோதனைச் சாவடியில் சிவப்பு வழியில் போய் நீங்களாகச் சொல்லுங்கள், ரசீதை மேலாக வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.